பல்லில் பிறந்த சிரிப்பு



தி. நகர் உஸ்மான் சாலையில் 'நகை' என்று எழுதாத பெயர்ப்பலகையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சவரன் விலைதான் ஞாபகம் வருகிறது. பழந்தமிழில் நகு என்றால் சிரி. ஒளிவிடு என்றும் பொருள். சிரிக்கும்போது பளிச்சென்று தெரிவது பல். ஆகவே பல்லும் நகை. மின்னுவதால் அணிகலனும் நகை. ஆக, சிரிப்பு, பல், சங்கிலி மூன்றும் ஒரே வேரில் காய்த்தவை.

ஆங்கிலத்தின் 'ஹ்யூமர்' என்ற சொல்லுக்குக் கதையே வேறு. லத்தீனில் அதற்கு ஈரம் என்று பொருள். வானிலை அறிக்கையில் வரும் 'ஹ்யூமிடிட்டி'யும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அந்தக் கணக்கில் மே மாதத்துச் சென்னையில் ஹ்யூமருக்குப் பஞ்சமே கிடையாது! கிரேக்க வைத்தியர்கள் உடம்பில் நான்கு திரவங்கள் ஓடுவதாக நம்பினார்கள்: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவற்றில் ஒன்று மிகுந்துபோனால் மனிதனின் குணமும் அந்தப் பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்ந்துபோன ஆசாமிகளை 1598இல் பென் ஜான்சன் என்ற நாடக ஆசிரியர் லண்டன் மேடையில் ஏற்றினார். அந்த நாடகத்தில் நடித்தவர்களில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். முதலில் 'ஹ்யூமரிஸ்ட்' என்றால் ஊர் பார்த்துச் சிரிக்கும் கிறுக்கன். பிறகுதான் ஊரைச் சிரிக்க வைப்பவன் என்று ஆயிற்று.

இது வெள்ளைக்காரன் சமாசாரம் என்று தள்ள வேண்டாம். வடமொழியில் விகடம் என்றால் கோணல், விகாரம். அதிலிருந்துதான் விகடகவி வந்தான். 1926இல் 'ஆனந்த விகடன்' வந்தது. மந்தைவெளிக்காரரான மோகன், 1976இல் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தால் 'கிரேஸி' மோகன் ஆனார். கிரேஸி என்றாலும் கிறுக்குதானே?

நம் வைத்தியத்திலும் வாதம், பித்தம், கபம் உண்டு. ஆனால் பித்தம் இங்கே தலைக்கேறியபோது பிறந்தது நகைச்சுவை இல்லை, பக்தி. தன் கல்யாணத்தில் வந்து வம்பு வளர்த்த கிழவரைச் சுந்தரர் 'பித்தன்' என்று ஏசினார். சிவபெருமான் அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடச் சொன்னதாகப் பெரியபுராணக் கதை. தன்னைக் கேலி செய்தவனையே தோழனாக்கிக்கொண்ட அந்த சுவாமியைக் கபாலி கோயிலுக்குப் போகும் மயிலாப்பூர்க்காரர்கள் தினமும்தான் பார்க்கிறார்கள். அந்தக் குணம் நம் மேடைக்கு வந்ததா என்பதுதான் என் கேள்வி.

அதற்குத் தொல்காப்பியத்திடம் போக வேண்டும். மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை, கடைசி உவகை. சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றல்ல என்று தொல்காப்பியருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் கேலி. இளமை, குழந்தைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பதுதான் எனக்குப் பிடித்தது: ஒருவர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடவே விடாமல் இருப்பது. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில், இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றையே அந்த இன்னொன்று என்று சாதிக்கிறாரே செந்தில், அதைவிட மடனுக்கு நல்ல உதாரணம் உரையாசிரியர்களுக்கே கிடைத்திருக்காது. எதிரே நின்று திட்டும் கவுண்டமணி எள்ளல்.

நம் சபா நாடகங்களையும் இப்படிப் பார்க்கலாம். சோ எள்ளல் வகை. 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்', பதவி ஆசையைப் பட்டவர்த்தனமாகக் கிண்டல் செய்தது. கிரேஸி மோகன் மடனும் பேதைமையும் கலந்தவர். அவருடைய நாயகன் பெரும்பாலும் மாது, நாயகி ஜானகி. ஒரு பொய், அதைக் காப்பாற்ற ஒன்பது பொய், நடுவே விடாமல் சொல் விளையாட்டு. ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். அதனால்தான் ஒரே நாடகத்துக்கு இரண்டாம் முறையும் டிக்கெட் வாங்கினார்கள். அவர் வசனத்தைக் கேட்டு யாரும் மனம் புண்பட்டு வீடு திரும்பியதாகத் தோன்றவில்லை. அது பெரிய சாதனை என்றே நினைக்கிறேன்.

மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மனைவியின் சமையல், மாமியாரின் வாய், ஒருவர் நிறம், ஒருவர் உடம்பு என்று எத்தனை மேடையில் அரைத்த மாவையே அரைத்தார்கள்! கேட்டவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்திருக்கிறேன். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமும் சிரிப்பது மற்றொன்று. முதல் பாதியில் நாம் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டோம். இரண்டாம் பாதிக்கு இன்னும் அரிச்சுவடியே தொடங்கவில்லை.

நம் பேச்சே காட்டிக்கொடுக்கிறது. கிண்டல், அடியில் கிளறுவது. லொள்ளு, நாய் குரைப்பது. சென்னைப் பிள்ளைகள் கலாய்ப்பது என்கிறார்கள். பழைய அகராதியைப் புரட்டினால் கலாய்த்தலுக்குச் சண்டையிடுதல் என்று பொருள் போட்டிருக்கிறது. அப்புறம் கடி ஜோக். சுற்றி வளைத்துக் கடைசியில் பல்லுக்கே வந்துவிட்டோம், பாருங்கள்.

வானொலியில் பல்லைக் காட்ட முடியாது. அந்தக் குறையையே பலமாக்கிக்கொண்டவர், அதே வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன். ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலில் கதை முடியும்போது அவர் சிரிக்கவே மாட்டார். வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருப்பவர்தான் சிரிப்பார்.

பிறர் எள்ளும்போது தானும் சிரிக்கும் அந்த இரண்டாம் பாதியில் தேர்ந்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைக் காட்டுவேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, 1947இல் விடுதலையாகி வந்த பிறகும் அவர் சிரிப்பில் கசப்பு ஏறவில்லை. 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் நந்தனார் காலட்சேபத்தின் அச்சை அப்படியே எடுத்து, படிப்புக்கு ஏங்கும் 'கிந்தன்' கதையாக்கினார். காலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களும் அதை ரசித்தார்கள். 'ராஜா ராணி' படத்தில் சிரிப்பின் வகைகளையே ஒரு பாட்டாகப் பாடி, ஒவ்வொன்றையும் சிரித்தும் காட்டினார். அது 1956. மறு வருஷம் ஆகஸ்ட் 30ஆம் தேதி காலமானார், வயது நாற்பத்தெட்டு.

அவருடைய சிலை தி. நகரில் ஜி.என். செட்டி சாலையில், வாணி மகாலுக்கு அருகில் நிற்கிறது. 'நல்லதம்பி'க்கு வசனம் எழுதிய அண்ணாதான், முதலமைச்சராக இருந்தபோது, உடல் நலிந்த நிலையிலும் வந்து 1969 பொங்கல் நாளில் அதைத் திறந்துவைத்தார். இருபதே நாளில், பிப்ரவரி 3ஆம் தேதி, அண்ணாவும் மறைந்தார். நகை வாங்க அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.