ஆறு நமக்கும் சொந்தம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நாம் பிழைக்க வந்தவர்கள், இந்த ஊர் ஆற்றைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். அந்த ஆறு எங்கே போகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

முளாவும் முட்டாவும் புனே நகருக்குள் கூடி பீமாவில் சேர்கின்றன. பீமா கிருஷ்ணாவில் கலக்கிறது. அந்தக் கிருஷ்ணா நீர்தான் ஸ்ரீசைலத்திலிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியே பூண்டி ஏரிக்கு வருகிறது. சென்னையின் தாகம் தீர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. தர 1976-இல் இசைந்தன. 1996-இல் தண்ணீர் தமிழ்நாட்டை எட்டியது. ஆக, இது அயலார் ஆறு அல்ல.

ஆறு பெருகினால் முதலில் நனைவது கரையோர உழைப்பாளியின் வீடு. 1961 ஜூலை 12-இல் பான்ஷெட் அணை உடைந்து நகரமே மூழ்கியது. 2024 ஜூலையில் கடக்வாஸ்லா அணையைத் திறந்தபோது சிங்ககட் சாலைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

44 கிலோமீட்டர் ஆற்றங்கரையை அழகுபடுத்தும் திட்டத்துக்கு 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். அழகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சாக்கடை நேரே ஆற்றில் விழும்போது கரையில் கல் பதித்து என்ன பயன்? மரத்தை வெட்டினால் பறவை எங்கே தங்கும்? ஆற்றை ஒடுக்கினால் வெள்ளம் எங்கே போகும்? முதலில் சுத்திகரிப்பு, பிறகு அலங்காரம். இதுவே நம் கோரிக்கை.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். பறவைகளைச் சுடக்கூடாதென்று 1798-இலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் வேடந்தாங்கல் கிராமத்தார். அவர்கள் ஏர் பிடித்த மக்கள்தாம்.

காப்பதோடு கண்டு மகிழவும் வேண்டும். சோலாப்பூர் ரயில் பாதையில் பிக்வண் நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே உஜனி அணை நீரில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். நம் பழவேற்காட்டுக்கு வருகிற அதே இனம். தை மாதத்தில் ஒரு ஞாயிறு, கட்டுச்சோற்றோடு குழந்தைகளை அழைத்துப் போவோம். புனேயின் சாக்கடையும் அந்த நீரில்தான் சேருகிறது. அதில் வலை வீசிப் பிழைக்கும் மீனவர்களிடமும் பேசிவிட்டு வருவோம்.

மாநகராட்சிக்கு மராத்தியில் மனு எழுதப்போகிறோம். மராத்தித் தோழர்களின் கையெழுத்தோடு நம் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். இந்த ஊரில் உழைக்கிறோம், இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறோம். கேட்கும் உரிமையும் காக்கும் கடமையும் நமக்கு உண்டு.