செவியிடத்தில் நிகழும் மோதல்



ஒரே வேளையில் இருவர் பேசினால் எவர் சொல்லும் விளங்குவதில்லை. கம்பியில்லாத் தொடர்பிலும் அவ்வாறே. ஒரே அலைவரிசையில் இரு நிலையங்களின் செய்திப் பொதிகள் ஒருங்கே வந்து சேரின், பெரும்பாலும் இரண்டும் சிதைந்துவிடுகின்றன.

1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர், தீவுகளிற் பரந்து கிடந்த கணினி முனையங்களை வானொலி அலைகளால் இணைத்தனர். அலோஹா எனப்பட்ட அவ்வமைப்பில் ஒவ்வொரு முனையமும் விரும்பிய வேளையில் அனுப்பலாம். ஏற்புச் செய்தி வராவிடின், சிறிது தாமதித்து மீண்டும் அனுப்பும். இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 வீதமே பயன்படும் என்பது கணக்கிற் புலப்பட்டது. காலத்தைச் சம கூறுகளாக வகுத்து, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் அது ஏறத்தாழ 37 வீதமாகும்.

அனுப்புமுன் அலைவரிசை ஓய்ந்திருக்கின்றதா எனச் செவிமடுத்தாற் போதாதா? போதாது. ஒரு மலையின் இரு புறத்து அடிவாரங்களிலும் இரு நிலையங்கள் உள்ளன. உச்சியில் மூன்றாவது உள்ளது எனக் கொள்வோம். அடிவார நிலையங்கள் ஒன்றையொன்று கேளா. இரண்டும் அமைதி நிலவுவதாக எண்ணி அனுப்ப, உச்சியில் மோதல் நிகழ்கின்றது. மறைந்த நிலையச் சிக்கல் எனப்படும் இதனைத் தொபாகியும் கிளைன்றொக்கும் 1975இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அயல் நிலையத்தின் செய்தியை வாங்கி அப்பால் அனுப்பும் கண்ணிவலைகளில் இக்குறை எளிதில் நேர்கின்றது.

இங்கேதான் நோயறிதல் இன்றியமையாதது. செய்தி சேராவிடின், அலை வலுவற்றதெனக் கருதி வலுவைக் கூட்டுதல் பலரது வழக்கம். மோதலே காரணமாயின், கூட்டிய வலு மேலும் பல நிலையங்களுக்கு இடையூறாகும். உண்மையை அறிய வழியுண்டு. போக்குவரத்துக் குறைந்த வேளையிலும் இழப்பு மாறாதிருப்பின், அலையின் வலுவை ஐயுறலாம். போக்குவரத்து மிகும்போது இழப்பும் மிகுந்தால், மோதலை ஐயுறவேண்டும். பின்னர் அயல் நிலையங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால், எது மௌனமானபோது இழப்பு நீங்குகின்றதோ அதுவே மோதும் நிலையமாகும்.

பெறுநரிடம் முதலிற் சிறு வேண்டுகோள் அனுப்பி அனுமதி பெறுதல் ஒரு பரிகாரம். அனுமதி மொழியைக் கேட்கும் மறைந்த நிலையம் தன் முறை வரும்வரை காத்திருக்கும். வேறு அலைவரிசைக்கு மாற்றுதல் மற்றொன்று.

வெள்ளத்திலும் புயலிலும் கம்பிகள் அறுந்தபின் இத்தகைய வலைகள் உயிர்காக்கும் செய்திகளைச் சுமக்கக்கூடும். ஆதலின், சொல்லும் இடத்தில் நிலவும் அமைதியை மட்டும் நம்பாது, கேட்கும் இடத்தின் நிலையை அறிந்து வலையை அமைத்தல் வேண்டும்.