வாயிலைக் கடந்த பிள்ளை

உடற்குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் கல்வியிலிருந்து ஒதுக்கலாகாது என்கிறது 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். அத்தகைய பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. பள்ளி வாயிலைக் கடந்த பிள்ளை பாடத்திற்குள்ளும் வரவேண்டுமல்லவா?

கெடா தோட்டப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை சிறியது. ஒவ்வொரு பிள்ளையையும் நாம் நன்கறிவோம். பின்னம் கற்பிக்கையில் ரொட்டியைப் பகுத்துக் காட்டுவோம், படம் வரைவோம், வாய்விட்டும் சொல்வோம். எழுதமுடியாத பிள்ளை காகிதத்தை மடித்து விடை காட்டட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் பாடம் தெளியும்.

இதை முன்கூட்டியே திட்டமிடுவதுதான் அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு. சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் கல்விக் கழகம் போன்ற இடங்களில் பயிலும்போதே இது கைப்பழக்கமாக வேண்டும். “இப்பாடத்தில் எந்தப் பிள்ளை விடுபடும்?” என்ற கேள்வியோடு பாடக்குறிப்பைத் தொடங்குவோம்.