திரையைக் கற்போம்



1907-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். நம் வரலாற்றை நாமே எழுதவேண்டும் என்னும் துணிவு அதில் இருந்தது. இன்று ஏட்டினும் வலிமை மிக்கது திரை. அதனை நாள்தோறும் கண்டு களிக்கின்றோம், கற்கின்றோமா?

மலையாளத்தின் முதல் மௌனப் படமான ‘விகதகுமாரனில்’ புலையர் குலத்தில் பிறந்த பி. கே. ரோசி, நாயர் குலப் பெண்ணாக நடித்தார். அதனைப் பொறாத சாதி வெறியர் அவரை ஊரைவிட்டே துரத்தினர். அப்படத்தின் பிரதியும் இன்று இல்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து சிறப்பித்தது. காக்கப்படாத வரலாறு களவு போகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

திரைக்கல்வி பெறப் பெருநகரம் செல்ல வேண்டியதில்லை. ‘இண்டியன்சினே.மா’ என்னும் இணையதளத்தில் இந்தியப் படங்களின் விவரங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2017-இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் ‘சுவயம்’ தளத்தில் கல்லூரிப் பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். நம் நாட்டுச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகள் நிலைக்கும். ஆதலின் பழைய படங்களிலிருந்து தொடங்குவது எளிது. திருட்டுப் பிரதிகளை நாடுதல் கற்போர்க்கு அழகன்று.

கற்கும் முறை யாது? 1942-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காட்சியை மும்முறை காணுங்கள். முதலில் முழுமையாக, அடுத்து ஒலியை நிறுத்தி, பின்னர் ஒலியை மட்டும் கேட்டு. காமிரா யாரை உயர்த்திக் காட்டுகின்றது? தலை குனிந்து நிற்பவர் யார்? கோயில் புகுவதற்கு நந்தனார் தீ மூழ்கவேண்டும் என்கின்றது கதை. தீட்டென்று அவரைத் தடுத்தவர்களுக்கு ஏன் எத்தீயும் மூட்டப்படவில்லை? இவ்வினாக்களை எழுதி, கூடி விவாதியுங்கள். அதுவே திரைக்கல்வி.

கற்பதோடு அமையாது, காக்கவும் வேண்டும். 1996-இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணையக் காப்பகத்தில் எவரும் கட்டணமின்றித் தம் ஆவணங்களைச் சேர்க்கலாம். நம் சங்கத்தின் 25 ஆண்டுக்கால நிழற்படங்களும், முதியோர் வாய்மொழியும் அங்கே ஏறட்டும். இரவுப் பாடசாலையில் வாரம் ஒரு மாலை இதற்கென ஒதுக்குவோம். ஆண்களுக்கு நிகராகப் பெண்பிள்ளைகளும் காமிராவைக் கையில் ஏந்தட்டும்.

ரோசியின் படம் அழிந்தது. நம் பிள்ளைகளின் படம் அழியலாகாது.