கொலஸ்திரோல் குளிசையும் நம் சாப்பாடும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலரின் கைப்பையில் இன்று ஒரு குளிசைப் பெட்டி இருக்கிறது. அதிலே கொலஸ்திரோல் குளிசையும் இருக்கும். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரத்தக் கொலஸ்திரோலில் பெரும்பகுதியை ஈரல்தான் செய்கிறது. ஸ்டாட்டின் குளிசைகள் அந்த வேலையைக் குறைக்கின்றன. நாம் விழுங்கும் சிம்வஸ்டாட்டின், அட்டோர்வஸ்டாட்டின் ஆகியவற்றில் ஒரு பங்கைக் குடற்சுவரிலுள்ள ஒரு நொதியம் அழித்துவிடும். வைத்தியர் அளவைத் தீர்மானிப்பது அதையும் கணக்கில் எடுத்துத்தான். கிரேப்புருட் பழம் அந்த நொதியத்தை முடக்கிவிடுகிறது. அப்போது அதே குளிசை, கூடிய அளவில் இரத்தத்தில் சேரும். காலையில் சாறு, இரவில் குளிசை என்று பிரித்தாலும் போதாது. முடங்கிய நொதியம் புதிதாக உருவாக ஒன்றிரண்டு நாளாவது செல்லும்.

இதைக் கண்டறிந்தவர்கள் கனடாவின் ஒன்ராறியோ ஆய்வாளர்கள். பிரஷர் மருந்து ஒன்றின் சோதனையில், மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்புருட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் ஏறியது. 1991இல் அதை வெளியிட்டார்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் காலையில் அந்தச் சாறு குடிக்கும் சகோதரிகள் கவனியுங்கள். இங்கே உச்சமுனையிலும் கற்பிட்டியிலும் கிரேப்புருட் அரிது. ஆனால் அதன் தாய்ப்பழமான பம்பளிமாசு, சிங்களத்தில் ஜம்போல, சந்தைக்கு வரும். அதையும் தவிருங்கள். இனிப்புத் தோடம்பழத்துக்கும், மீனுக்குப் பிழியும் நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளிக்கும் பயப்படத் தேவையில்லை. றோசுவஸ்டாட்டின் பாவிப்பவர்களுக்கு இந்தப் பழத் தடை இல்லை. ஆனால் நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அன்டாசிட் மருந்தை இரண்டு மணித்தியாலம் கழித்தே எடுக்கவேண்டும்.

“இயற்கை மருந்து” என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பதும் ஒரு ஸ்டாட்டின்தான். இரண்டையும் சேர்த்தால் இரட்டை மருந்து. கிருமிக் காய்ச்சலுக்கு கிளரித்ரோமைசின் தந்தால், “நான் கொலஸ்திரோல் குளிசை போடுகிறேன்” என்று முதலே சொல்லுங்கள்.

காரணமின்றித் தசை நோவு, பலவீனம், பிளேன்டீ நிறத்தில் சிறுநீர் கண்டால், அன்றே வைத்தியரைப் பாருங்கள். களப்பைப் படகில் கடந்து வரவேண்டிய உச்சமுனைத் தாய்மார் “நாளைக்குப் பார்ப்போம்” என்று இருந்துவிடக் கூடாது, சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து குளிசையை நிறுத்திவிடாதீர்கள். பழத்தை விடுவது இலேசு. மாரடைப்போடு படகேறுவது இலேசல்ல. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்றிரவே அம்மாவுக்கு அழைத்து, குளிசையின் பெயரைக் கேளுங்கள்.