காப்புக் கட்டிலே முதல் பாடம்



கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு கிராமத்தில் விதைநேர்த்தி செய்து காட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு ஒரு வாலிபர் தனியாக வந்தார். "சார், மூலிகை கத்துக்கணும்னு ஆசை. வைத்தியத்துக்கும் வேணும், மந்திரத்துக்கும் வேணும். எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் மருந்தும் மந்திரமும் ஒரே கட்டாகத்தானே தொங்குகிறது?

கொங்குப் பக்கத்தில் மார்கழி கடைசி நாள் காப்புக் கட்டுகிறோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரையிலும், மாட்டுக் கொட்டகையிலும், தோட்டத்து மூலையிலும் செருகுகிறோம். சில ஊர்களில் மாவிலையும் தும்பையும் சேரும். கெட்டது அண்டாது என்பது நம்பிக்கை. அதே பூளைப்பூவைச் சிறுபீளை என்ற பெயரில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் சித்த வைத்தியர் கஷாயத்தில் சேர்க்கிறார். ஆவாரம்பூ சர்க்கரை நோய்க்காரர் குடிக்கும் கஷாயத்தில் இருக்கிறது. வேம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து நீங்களே தெளிக்கிறீர்கள். "தம்பி, இந்த மூணுல இருந்து ஆரம்பிங்க" என்றேன்.

கற்பது என்றால் பெயர் சொல்வது மட்டுமல்ல. முளைத்து நாலு இலை விட்டபோது தெரிய வேண்டும், பூவில் தெரிய வேண்டும், காய்ந்து சருகான பின்னும் தெரிய வேண்டும். ஒரு வருஷம் பிடிக்கும். வேரோடும் பூவோடும் ஒரு செடியை எடுத்துப் பழைய செய்தித்தாளில் அமுக்கி, எந்த இடம், எந்த மாதம் என்று எழுதி வையுங்கள். பெயரை நம்பினால் மோசம் போவீர்கள். நிலவேம்பு, சிறியாநங்கை என்று ஒரே செடிக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். அடுத்த ஊரில் அதே பெயருக்கு வேறு செடியைக் காட்டுவார்கள்.

கண்வலிக் கிழங்கைப் பாருங்கள். கரூர், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். பூ நம் மாநிலப் பூ. கலப்பை போலிருக்கும் அந்தக் கிழங்கை ஏதோ வள்ளிக்கிழங்கு என்று தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. இலை நுனி சுருண்டு கொடிக்கையாக முடிந்தால் தோண்டாதீர்கள்.

அப்புறம் கீழாநெல்லி. வயலில் களையாக வருவதுதான். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் இருக்கும். காமாலை என்றால் எல்லோரும் இதைத்தான் தேடுகிறோம். 1988-இல் சென்னை மருத்துவர்கள், மஞ்சள் காமாலைக் கிருமிகளில் 'பி' வகையைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானே இறங்கும்; பித்தப்பைக் கல்லால் வருவது இறங்காது. இரண்டும் கண்ணில் ஒரே மஞ்சள்தான். ரத்தம் சோதித்துப் பார்க்காமல் இலையை அரைக்க வேண்டாம். இன்னொன்று, என் வேலைக்காரப் புத்தியில் தோன்றுவது: பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த வயலின் வரப்பில் பறித்துவிட்டு மூலிகை என்று சொல்லாதீர்கள்.

மந்திரத்துக்கு வருவோம். முதல் நாளே செடிக்கு மஞ்சள் நூல் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி சொல்லி, மறுநாள் பொழுது கிளம்புமுன் நகம் படாமல் வேர் எடுக்க வேண்டும் என்பார்கள். இதனால் ஒரு நன்மை: எடுப்பவன் முந்தின நாள் பகலில் செடியை நின்று பார்த்திருப்பான், அவசரத்தில் தப்புச் செடியைப் பிடுங்க மாட்டான். மற்றபடி எல்லாச் சடங்குக்கும் விஞ்ஞானம் கற்பிக்க நான் வரவில்லை. யாருக்கும் கெடுதல் இல்லையென்றால் செய்யுங்கள்.

கெடுதல் எங்கே என்று சொல்கிறேன். நான் பி.எஸ்ஸி. முடித்த வருஷம், களத்தில் படுத்திருந்த என் சித்தப்பா மகனை ராத்திரி ஏதோ கடித்தது. வீக்கம் இல்லை, வலியும் அவ்வளவாக இல்லை. சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுத்தார்கள். இனித்தால் விஷம், கசந்தால் இல்லை என்று கணக்கு. "கசக்குதுப்பா" என்றான். எல்லோரும் நிம்மதியாகப் படுக்கச் சொன்னார்கள். படித்தவன் நானும் அங்கேதான் நின்றேன். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கவில்லை. விடியற்காலம் அவனுக்கு இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறிற்று. கட்டுவிரியன். அதன் கடி அப்படித்தான், சத்தமில்லாமல் மூச்சை நிறுத்தும். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசியும் போட்டு, நாலு நாள் இயந்திரத்தில் மூச்சு கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

நாக்கில் கசப்பு மாறுமா மாறாதா என்பதற்கும் விஷத்துக்கும் சம்பந்தமில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துச் செய்த ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. பச்சிலையை நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள் அவர்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கை காலை அசைக்காமல் வண்டியில் ஏற்றுங்கள்.

சித்தப்பா இன்றும் "பாதி இலை, பாதி ஊசி" என்றுதான் சொல்கிறார். நான் சண்டை போடுவதில்லை. வாசலில் அந்தச் செடி இருக்கிறது, அவரே தண்ணீர் ஊற்றுகிறார். ஆனால் போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கடித்தபோது முதலில் கார் சாவியை எடுத்தவர் அவர்தான்.

பெயர் தெரியாத செடி இருந்தால் பூ, காய், வேரோடு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். மருந்தாகச் சாப்பிடுவது பற்றி அரசு ஆஸ்பத்திரியின் சித்த மருத்துவப் பிரிவில் கேளுங்கள்.