குடத்தில் யார் பெயர்?



காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919, மற்றது 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் செய்தி இங்கிருந்து வந்ததுதான். 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி' என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் நிச்சயம். வரலாறு எழுதப் பழகுகிறவரோ, கைதட்டுவதற்கு முன் கல்வெட்டை முழுக்கப் படித்துவிடுவார்.

குடத்தில் யார் பெயரைப் போடலாம்? வரி செலுத்தும் நிலம், வேலி என்னும் பழைய நில அளவில், பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் படிப்பும் வேண்டும். ஊர், பிராமணர்களுக்கான சதுர்வேதிமங்கலம். நிலமில்லாமல் உழைத்தவர் பெயர் குடத்தை எட்டிப் பார்த்திருக்கவே முடியாது.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வாரியம் என்னும் நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, மாமன், மைத்துனன், மாமனார், மருமகன் என்று உறவு முழுவதற்கும் தடை. யாரும் செய்யாத தப்புக்கு இவ்வளவு நீளமாக விதி எழுதுவார்களா? 919இல் போட்ட விதிகளை இரண்டே ஆண்டில் ஏன் திருத்தினார்கள்? ஊரில் ஏதோ தகராறு நடந்திருக்கலாம். 'நடந்தது' என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். கல் சொல்வது விதியை மட்டும்தான். தகராறு என் ஊகம். எழுதும்போது இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

இன்னொன்று. விதி வகுத்தபோது அரசனின் அதிகாரியும் சபையில் உடனிருந்தார் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. 'தன்னாட்சி' என்று எழுதப்போகிறவர் இந்த வரியைத் தாண்டிப் போக முடியாது.

ஓர் ஊரை வைத்துச் சோழநாடு முழுவதையும் அளப்பதும் ஆபத்து. ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமா, திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் கையில். அல்லூரில் ஊர்ப்பொதுவில் என்று காட்டினார். பக்கத்துப் பக்கத்து ஊர்களே இப்படி!

உத்திரமேரூரைப் பற்றி என் தீர்ப்பு இதுதான்: நிலமும் வேதமும் உடையவர்கள், அரசன் அறிய, தங்களுக்குள் கண்டிப்போடு நடத்திக்கொண்ட நிர்வாகம்.